எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணிக்கொண்டே காலநிலைத் திட்டம் போட முடியாது

ஒரு பிராந்தியச் சுற்றுலா அமைப்பு காலநிலை விஷயத்தில் எவ்வளவு உண்மையாக இருக்கிறது என்று தெரிய, அதன் ஆண்டறிக்கையைப் புரட்டினால் போதும். எதை வெற்றி என்று சொல்கிறார்கள்? "போன ஆண்டைவிட இத்தனை சதவீதம் பேர் கூடுதலாக வந்தார்கள்" என்பதுதான் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கிறதென்றால், மூங்கில் உறிஞ்சுகுழலும் துணிப்பையும் எதையும் மாற்றப்போவதில்லை.

இதை நான் கோபத்தோடுதான் சொல்கிறேன். கடற்கரையும் பனிமலையும் பவளப்பாறையும்தான் இந்தத் தொழிலின் முதலீடு. அதைக் கரைக்கிற பசுமை இல்ல வாயு உமிழ்வில் இந்தத் தொழிலின் பங்கு சின்னதல்ல. 2024-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, 2019-இல் உலக உமிழ்வில் சுற்றுலாவின் பங்கு 8.8 சதவீதம், ஏறத்தாழ 520 கோடி டன். அதற்கு முந்தைய பத்தாண்டில் அது ஆண்டுக்கு 3.5 சதவீதம் வீதம் வளர்ந்திருக்கிறது. விமானமும் விடுதியும் சிக்கனமாகிக்கொண்டுதான் வந்தன. பயணம் அதைவிட வேகமாகப் பெருகியது.

2021 நவம்பரில் வந்த கிளாஸ்கோ பிரகடனத்தில் நூற்றுக்கணக்கான சுற்றுலா அமைப்புகள் கையெழுத்திட்டன. 2030-க்குள் உமிழ்வைப் பாதியாக்குவது, 2050-க்கு முன் நிகர பூஜ்யம் (மிச்சமாக விடுவதையும் உறிஞ்சியெடுத்துச் சமன்செய்வது), கையெழுத்திட்ட பன்னிரண்டு மாதத்துக்குள் செயல்திட்டத்தை வெளியிடுவது என்பவை அதன் உறுதிமொழிகள். அது காட்டும் ஐந்து வழிகளில் முதலாவது, அளவிடுவது. பெரும்பாலான திட்டங்கள் அங்கேயே தடுக்கி விழுகின்றன.

முதல் தவறு, அமைப்பு தன் அலுவலகத்தை மட்டும் அளந்துவிட்டுப் பெருமைப்படுவது. ஐம்பது பேர் வேலை செய்யும் அலுவலகத்தின் மின்கட்டணத்துக்கும், அந்தப் பிராந்தியத்துக்கு வந்துபோகும் லட்சக்கணக்கானோரின் பயணத்துக்கும் ஒப்பீடே கிடையாது. அளக்க வேண்டியது நான்கு: வந்துபோகும் பயணம், உள்ளே சுற்றும் பயணம், தங்குமிடம், படகு சவாரி மாதிரியான பொழுதுபோக்குகள்.

தங்குமிடங்களிடம் நாற்பது கேள்விப் படிவம் அனுப்பினால் யாரும் நிரப்பமாட்டார்கள். பன்னிரண்டு மாதத்துக்கு ஐந்தே விவரம் போதும்: மின்சார யூனிட், ஜெனரேட்டர் டீசல் லிட்டரில், சமையல் கேஸ் கிலோவில், ஏசிக்கும் குளிர்சாதன அறைக்கும் நிரப்பிய வாயு கிலோவில், விற்ற அறை-இரவுகள். டீசல் லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ, கேஸ் கிலோவுக்குச் சுமார் 3 கிலோ கார்பன் டைஆக்சைடு என்று பெருக்கலாம். மின்சாரத்துக்கு அந்தந்த மின்தொகுப்பின் காரணியைத்தான், அதாவது ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோ உமிழ்வு என்ற எண்ணைத்தான், எடுக்க வேண்டும். நிலக்கரி மின்சாரத்துக்கும் நீர்மின்சாரத்துக்கும் ஒரே எண்ணைப் போட்டால் கணக்கே பொய்யாகிவிடும். டீசலில் வாங்கியது வேறு, எரித்தது வேறு. ஆண்டுத் தொடக்க இருப்பையும் இறுதி இருப்பையும் கேட்க மறக்கக் கூடாது.

அந்த ஏசி வாயு வரியைப் பெரும்பாலான படிவங்கள் விட்டுவிடுகின்றன. விடக் கூடாது. பல ஏசிகளில் இருக்கும் ஆர்-410ஏ வாயு ஒரு கிலோ காற்றில் கசிந்தால் அது சுமார் 2,000 கிலோ கார்பன் டைஆக்சைடுக்குச் சமம். எழுநூறு லிட்டருக்கு மேல் டீசல் எரித்த மாதிரி. கசிவு எந்த மின்கட்டண ரசீதிலும் தெரியாது, ஏசி மெக்கானிக்கின் பில்லில்தான் தெரியும். ஒவ்வொரு சீசனிலும் வாயு நிரப்புகிறார்கள் என்றால் எங்கோ கசிகிறது என்றுதான் பொருள். நிரப்புவதற்கு முன் கசியும் இடத்தைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். புதிய கருவி வாங்கும்போது ஆர்-32 வாயுவில் ஓடுவதை எடுத்தால் தாக்கம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். ஆர்-290 எடுத்தால் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஆனால் அது தீப்பற்றும் வாயு, பயிற்சி பெற்றவர் கை மட்டுமே படவேண்டும்.

அடுத்த சறுக்கல் வகுக்கும் இடத்தில். விடுதியின் உமிழ்வை அதன் மொத்த அறைகளால் வகுத்தால், பாதி காலியாகக் கிடக்கும் விடுதி சிக்கனமான விடுதி போலத் தெரியும். விற்ற அறை-இரவுகளால்தான் வகுக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு: படிவத்தைத் திருப்பி அனுப்புபவர்கள் ஏற்கெனவே ஒழுங்காகக் கணக்கு வைத்திருப்பவர்கள். அவர்களின் சராசரியைப் பிராந்தியத்தின் சராசரி என்று போட்டால் படம் அழகாக இருக்கும், உண்மையாக இருக்காது. சின்ன லாட்ஜ், நடுத்தர ஓட்டல், பெரிய ரிசார்ட், ஹோம்ஸ்டே என்று வகை பிரித்து, ஒவ்வொன்றிலும் சில இடங்களைக் குலுக்கலில் எடுத்து, ஆள் போய் ரசீதைப் பார்த்து எழுதிக்கொண்டு வரவேண்டும். அடிப்படை ஆண்டாக 2020-ஐயோ 2021-ஐயோ வைக்கவே கூடாது. பெருந்தொற்றில் முடங்கிய ஆண்டின் மொத்த உமிழ்வோடு ஒப்பிட்டால் எந்தத் திட்டமும் தோற்றதாகத்தான் காட்டும்.

பயணம்தான் பெரும்பாலும் மிகப் பெரிய பங்கு. வருபவர்களிடம் நான்கு கேள்வி: எங்கிருந்து வருகிறீர்கள், நீண்ட தூரத்தை எதில் கடந்தீர்கள், இங்கே எத்தனை இரவு, மொத்தப் பயணத்தில் எத்தனை இரவு. கடைசிக் கேள்வியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பன்னிரண்டு இரவுப் பயணத்தில் மூன்று இரவு மட்டும் இங்கே தங்குபவரின் விமான உமிழ்வில் கால்பங்குதான் இந்த ஊர்க் கணக்கில் வரும். விமானம் உயரத்தில் விடும் புகைக்கோடுகளும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் தனியாக வெப்பத்தைக் கூட்டுகின்றன, அதைத் தனி வரியாகக் காட்டுவதே நேர்மை.

இப்போது ஒரு கணக்கு. மூவாயிரம் கி.மீ. தள்ளியிருந்து விமானத்தில் வந்துபோகிறவர் 6,000 கி.மீ. பறக்கிறார். கி.மீ.க்கு 150 கிராம் உமிழ்வு என்று வைத்தால் 900 கிலோ. முந்நூறு கி.மீ. தள்ளியிருந்து ரயிலில் வந்துபோகிறவர், கி.மீ.க்கு 35 கிராம் என்று வைத்தால், 21 கிலோ. வருகைப் பதிவேட்டில் இருவரும் ஆளுக்கு ஒன்றுதான். காலநிலைக் கணக்கில் முதலாமவர் நாற்பது ரயில் பயணிகளுக்கும் மேல். அதே விமானப் பயணி மூன்று இரவு தங்கினால் இரவுக்கு 300 கிலோ, ஒன்பது இரவு தங்கினால் 100 கிலோ. எந்தத் துண்டையும் துவைக்காமல் விட்டு இந்த வித்தியாசத்தைக் கொண்டுவர முடியாது.

அதனால்தான் சொல்கிறேன், வருகை எண்ணிக்கையைத் தலைப்பிலிருந்து எடுத்துவிட்டு, தங்கிய இரவுகளையும் ஓர் இரவுக்கான உமிழ்வையும் அங்கே வையுங்கள். அது மாறினால் விளம்பரப் பணம் போகிற திசை தானாக மாறும். தொலைதூரச் சந்தையில் குறுகிய விடுமுறையை விற்பது வீண் என்று அட்டவணையே சொல்லிவிடும். புதிய விமானத் தடத்துக்கு மானியம் கொடுக்கும் முன் அந்தத் தடம் ஆண்டுக்கு எத்தனை டன் சேர்க்கும் என்ற கேள்வி கூட்டத்தில் எழும்.

தரைவழிப் பயணத்தை வளர்ப்பதில் சிக்கல் பெரும்பாலும் கடைசிப் பத்து கி.மீ.யில் இருக்கிறது. ரயில் இரவு 9.40-க்கு வந்து, கடைசிப் பேருந்து 8.30-க்கே போய்விட்டால், அந்தக் குடும்பம் அடுத்த முறை கார் எடுத்துக்கொண்டுதான் வரும். கால அட்டவணையைப் பொருத்துவது, நிலையத்தில் பெட்டியை வாங்கி விடுதியில் சேர்ப்பது, ரயில் சீட்டோடு உள்ளூர்ப் பேருந்தையும் சேர்த்து விற்பது. இவற்றுக்கு ஒரு விளம்பரப் படம் எடுக்கிற அளவு பணம்கூடத் தேவைப்படாது, ஆனால் மூன்று துறைகளை ஒரே மேசையில் உட்காரவைக்கிற பொறுமை வேண்டும்.

வருபவர்களிடம் வாங்கும் கட்டணத்திலும் இதே தர்க்கம்தான். பசிபிக் தீவு நாடான பலாவ் 2018 முதல் ஒருவருக்கு 100 டாலர் சுற்றுச்சூழல் கட்டணத்தை விமானச் சீட்டோடு சேர்த்தே வாங்குகிறது. பூட்டான் ஓர் இரவுக்கு இத்தனை என்று வாங்குகிறது. 2022-இல் 200 டாலர், 2023 செப்டம்பர் முதல் 100. கூட்டத்தைக் கட்டுப்படுத்த இரவுக் கட்டணம் உதவலாம். உமிழ்வைக் குறைப்பதற்கு என்றால், வருகைக்கு ஒருமுறை வாங்குவதே மேல் என்பது என் கருத்து, ஏனென்றால் அது நீண்ட நாள் தங்குபவரைத் தண்டிப்பதில்லை. எதுவானாலும் அந்தப் பணம் பொதுக் கருவூலத்தில் கரையாமல் தனிக் கணக்கில் இருக்கவேண்டும்.

விடுதிகளுக்குச் சொல்ல ஒன்று: வெந்நீரிலிருந்து தொடங்குங்கள். நூறு லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்கச் சுமார் 4 யூனிட் மின்சாரம் ஆகும். காற்றிலிருக்கும் வெப்பத்தை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும் ஹீட் பம்ப் வைத்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஆனால் முதலில் நிமிடத்துக்கு 15 லிட்டர் கொட்டும் ஷவரை 8 லிட்டராக மாற்றிவிட்டு, பிறகு பம்ப்பின் அளவை முடிவுசெய்ய வேண்டும். வரிசை மாறினால் தேவைக்கு இரு மடங்கு பெரிய இயந்திரத்தை வாங்கி வைத்திருப்பீர்கள். சிக்கனம் என்று தொட்டியின் வெப்பத்தை 60 டிகிரிக்குக் கீழே இறக்குவதும் ஆபத்து, நிமோனியாவை உண்டாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளரலாம்.

உமிழ்வை ஈடுகட்டுவதாகச் சொல்லி நடத்தும் அலையாத்தி நடும் விழாக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எப்போதும் நீரில் மூழ்கிக் கிடக்கும் சேற்றில் ஒரே வகை நாற்றை வரிசையாக நட்டால் பெரும்பாலும் பிழைக்காது. அடைபட்ட நீரோட்டத்தைத் திறந்துவிட்டால் பல இடங்களில் விதைகள் தாமாக வந்து முளைக்கும்.

கடைசியாக, வாசகங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024/825 எண் கொண்ட உத்தரவு 2026 செப்டம்பர் 27 முதல் நடைமுறைக்கு வருகிறது. கார்பன் ஈடு வாங்கியதை, அதாவது வேறெங்கோ உமிழ்வைக் குறைக்கப் பணம் கட்டியதை, மட்டும் வைத்து ஒரு பொருளையோ சேவையையோ "கார்பன் சமநிலை" என்று அங்குள்ள நுகர்வோரிடம் விற்க அது தடைபோடுகிறது. அங்கே விடுமுறை விற்கும் அமைப்புகள் தங்கள் கையேடுகளையும் உறுப்பினர் விடுதிகளின் பக்கங்களையும் இப்போதே வரிக்கு வரி பார்த்துவிட வேண்டும். "பசுமை", "பூமிக்கு உகந்தது" என்ற சொற்களை எடுத்துவிட்டு, எந்த ஆண்டு, ஓர் இரவுக்கு எத்தனை கிலோ, அதில் வந்துபோகும் பயணம் சேர்ந்ததா இல்லையா என்று எழுதுங்கள். எண் கூடியிருந்தாலும் அதையே எழுதுங்கள், கீழே காரணத்தோடு.