நிசேயாவில் பைபிளுக்கு ஓட்டெடுப்பு நடக்கவில்லை

கி.பி. 325இல் கிறிஸ்தவ ஆயர்கள் கூடிய நிசேயா சங்கத்தில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஓட்டெடுப்பு நடத்தி, பிடித்த நூல்களை மட்டும் பைபிளில் சேர்த்தார் என்றொரு ஃபார்வர்டு சேலம், ஏற்காடு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு.

அந்தச் சங்கம் கூடியது, இயேசு கடவுளால் படைக்கப்பட்டவர் என்ற ஆரியுஸ் குருவின் போதனை, ஈஸ்டர் தேதி போன்றவற்றுக்காக. அது இயற்றிய 20 விதிகளும் இணையத்திலேயே கிடைக்கின்றன. படித்துப் பாருங்கள், பைபிள் நூல் பட்டியல் ஒன்றில்கூட இல்லை. கான்ஸ்டன்டைன் பின்னர் யூசேபியுஸ் என்ற ஆயரிடம் பைபிளின் 50 பிரதிகள் எழுதித் தரச் சொன்னது உண்மை. குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்னும் வலுவான சான்று, 4ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட பைபிளான சினாய் கையெழுத்துப் பிரதி. இன்றைய பைபிளில் இல்லாத பர்னபா நிருபமும் ஹெர்மாஸின் 'மேய்ப்பர்' நூலும் புதிய ஏற்பாட்டோடு அதில் இருக்கின்றன. பட்டியல் 325லேயே முடிவாகியிருந்தால் இவை எப்படி உள்ளே வந்தன? அதன் பக்கங்களை இணையத்தில் பெரிதாக்கியே பார்க்கலாம். புதிய ஏற்பாட்டின் இன்றைய 27 நூல்களையும் அப்படியே சொல்லும் பழைய பட்டியல், அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் 367இல் எழுதிய கடிதம். பழைய ஏற்பாட்டில் இன்றும் ஒருமை கிடையாது: கத்தோலிக்கர் பைபிளில் மொத்தம் 73 நூல்கள், புராட்டஸ்டன்டான சி.எஸ்.ஐ. சபையார் கையில் 66.

பைபிளின் தோற்றத்தையும் அதிகாரத்தையும் தாராளமாகக் கேள்வி கேளுங்கள். அதற்கு மெய்யான வரலாறே போதும். அந்த ஃபார்வர்டை மட்டும் இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால், அதே குழுவில் இந்த விளக்கத்தையும் போட்டுவிடுங்கள்.