தலை நிமிராத வால்ரஸ்கள்

பனிக்கரடிக்கும் பென்குயினுக்கும் இருக்கிற ரசிகர் கூட்டம், தந்தமும் மீசையுமாக வடதுருவக் கடல்களில் வாழும் வால்ரஸுக்கு இல்லையே என்று எனக்கு நெடுநாளாக மனத்தாங்கல். ஒரு படத்தைப் பகிர்ந்தால் போதும், "மீசைக்காரத் தாத்தா" என்று நான்கு பேர் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார்கள். சிரிக்கட்டும். ஆனால் காட்டுயிர்ப் படம் எடுப்பவருக்கு இதைவிட நல்ல உடம்பு வேறு எந்த விலங்குக்கும் வாய்க்கவில்லை என்பது என் கட்சி.

முதலில் அந்தத் தோல். லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் பாடம் செய்யப்பட்ட வால்ரஸ் ஒன்று இருக்கிறது. கனடாவின் ஹட்சன் விரிகுடாவிலிருந்து வந்தது. 1886-இல் லண்டனில் நடந்த பெரிய கண்காட்சியில் இடம்பெற்றது. அதைப் பாடம் செய்தவர்களுக்கு வால்ரஸின் தோல் மடிந்து மடிந்து கிடக்கும் என்பது தெரியவில்லை. மடிப்புகளெல்லாம் விரிந்து மறையும் வரை உள்ளே திணித்துவிட்டார்கள். இன்றைக்கும் அது ஊதிய பலூன் போல வழவழவென்று உட்கார்ந்திருக்கிறது. பாவம், அவர்கள் கையில் ஒரு நல்ல படம் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது.

நிஜத் தோல் இரண்டு முதல் நான்கு சென்டிமீட்டர் தடிமன் இருக்கும். முதிர்ந்த ஆண்களின் கழுத்தில் இன்னும் தடித்து, முண்டுமுண்டாகப் புடைத்திருக்கும். துருவக் கோடையில் சூரியன் உச்சிக்கு ஏறாமல் தொடுவானத்தையே சுற்றிக்கொண்டிருப்பதால் வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிறது. ஒவ்வொரு மடிப்புக்கும், ஒவ்வொரு பழைய தழும்புக்கும் தனியாக நிழல் கிடைத்துவிடுகிறது.

நிறம் இன்னொரு வேடிக்கை. குளிர்ந்த நீரில் இருக்கும்போது ரத்தம் தோலை விட்டு உள்ளே ஒதுங்கிவிடும். அப்போது கரையேறும் வால்ரஸ் வெளிறிப்போய்ச் சாம்பல் நிறத்தில் இருக்கும். வெயிலில் கிடக்கக் கிடக்க ரத்தம் மேலே வந்து உடம்பு ரோஜா நிறமாகிவிடும். கணினியில் வண்ணத்தைக் கூட்டிவிட்டார்கள் என்று சந்தேகப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கூட்டவே வேண்டாம். ஒரே படத்தில் பத்து வால்ரஸ்கள் கிடந்தால், யார் வெகுநேரமாகத் தூங்குகிறார், யார் இப்போதுதான் வந்து இடம் கேட்கிறார் என்பதை நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

இவ்வளவு இருக்க, எல்லாரும் எடுப்பது தந்தத்தைத்தான். நேருக்கு நேர் முகம், இரண்டு தந்தம், பின்னால் மங்கலான நீலம். இந்த வகைப் படம் எனக்கு அலுத்துவிட்டது. தந்தம் ஆண், பெண் இரண்டுக்கும் உண்டு. தங்களுக்குள் யார் பெரியவர் என்று காட்டவும் பனிப்பாளத்தில் ஊன்றி ஏறவும் அது உதவும். சாப்பாடு தேடுவது அதனால் அல்ல, மீசையால். நானூறுக்கும் மேற்பட்ட தடித்த மயிர்கள் கடலடிச் சேற்றைத் துழாவி மட்டிகளைக் கண்டுபிடிக்கின்றன. பிறகு நாக்கை உள்ளே இழுத்து, ஓட்டிலிருந்து சதையை மட்டும் உறிஞ்சி எடுத்துவிடும்.

இதைப் படத்தில் பார்க்க வேண்டுமென்றால் ஸ்வீடனைச் சேர்ந்த யோரான் எல்மேயைத் தேடுங்கள். வடகிழக்குக் கிரீன்லாந்தின் கடலடியில், சேற்றுப் புகைக்கு நடுவே மேய்ந்துகொண்டிருக்கும் வால்ரஸை அவர் எடுத்த படம் 2006-இல் 'ஆண்டின் சிறந்த காட்டுயிர் ஒளிப்படக் கலைஞர்' போட்டியில் முதல் பரிசு பெற்றது. படத்தில் பாதி கலங்கல்தான். அந்தக் கலங்கல்தான் படமே! அவர் நீருக்கடியில் எடுத்த காட்சிகளை வைத்து, சேற்றை விலக்க வால்ரஸ்கள் துடுப்பு போன்ற முன்கால்களில் இடது துடுப்பைவிட வலது துடுப்பையே அதிகம் பயன்படுத்துகின்றன என்று 2003-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையும் வந்தது. அவரும் அதன் ஆசிரியர்களில் ஒருவர். மட்டி தின்கிற பிராணிக்கும் வலக்கைப் பழக்கம்!

கரையில் எடுக்கும் படங்களுக்கு நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றே ஒன்றுதான். எத்தனை தலைகள் நிமிர்ந்திருக்கின்றன? ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, அடுத்தவர் முதுகில் தந்தத்தை வைத்துக்கொண்டு உறங்குவதுதான் வால்ரஸ் கூட்டத்தின் இயல்பு. கூட்டம் முழுவதும் தலை தூக்கிக் கேமராவைப் பார்த்தால், எடுத்தவர் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டார் என்று பொருள். அந்தப் படம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் என் கணக்கில் தோற்ற படம். அடுத்த நொடியில் மிரண்டு கடலை நோக்கி ஓடினால், ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள ஆண்களின் அடியில் குட்டிகள் நசுங்கும். டிரோன் பறக்கவிட்டு எடுத்ததைப் பெருமையாகப் போடுகிறவர்களுக்கு நான் விருப்பக்குறி இடுவதில்லை.

நார்வேக்கு வடக்கே உள்ள ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் ஏறக்குறைய அழியும் நிலைக்கு வேட்டையாடித் தீர்த்தபின், 1952-இல்தான் வால்ரஸுக்குப் பாதுகாப்பு வந்தது. இன்று அங்கே வால்ரஸ்கள் கரையேறிப் படுக்கும் மோஃபன் தீவைக் கோடை மாதங்களில் கப்பல்கள் 300 மீட்டர் தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும். அவ்வளவு தூரத்திலிருந்து என்ன கிடைக்கும் என்று கேட்பார்கள். நீளமான லென்ஸும் பொறுமையும் இருந்தால் மொத்தக் கூட்டமும் கிடைக்கும். கூட்டத்தைவிடப் பெரிய விஷயம் அங்கே எதுவும் இல்லை. 2014 செப்டம்பரில் அலாஸ்காவின் பாயிண்ட் லே அருகே கரையொதுங்கிய சுமார் 35,000 வால்ரஸ்களை ஆய்வு விமானத்திலிருந்து எடுத்த படங்களில் ஒரு முகம்கூடத் தெளிவாக இல்லை. படுக்கக் கடல்பனி இல்லாமல் அத்தனையும் ஒரே கரையில் வந்து குவிந்திருக்கின்றன. பனி உருகுவதைப் பற்றி நான் பார்த்த வரைபடங்கள் எதுவும் என்னை அந்த அளவுக்கு உலுக்கவில்லை.

ஃப்ரேயாவின் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். 2022 கோடையில் நார்வேயின் ஓஸ்லோ கடற்கழியில் படகுகள் மேல் ஏறிப் படுத்துத் தூங்கிய இளம் பெண் வால்ரஸ். விலகி இருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லியும் மக்கள் குழந்தைகளோடு பக்கத்தில் போய்ப் படமெடுத்தார்கள். கடைசியில் ஆகஸ்ட் 14 அன்று, மனிதர்களுக்கு ஆபத்து என்று சொல்லி அதிகாரிகள் அதைக் கொன்றார்கள். ஓர் எச்சரிக்கையைக் கேட்க மாட்டாத கூட்டத்துக்காக, தூங்கிக்கொண்டிருந்த விலங்குக்குத் தண்டனை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதே ஆண்டின் கடைசியில் இங்கிலாந்தின் ஸ்கார்பரோ துறைமுகத்தில் தோர் என்ற ஆண் வால்ரஸ் வந்து படுத்தது. சுற்றிலும் தடுப்பு போட்டு மக்களைத் தள்ளி நிறுத்தினார்கள். அதன் தூக்கம் கெடக் கூடாது என்று ஊர் நிர்வாகம் புத்தாண்டு வாணவேடிக்கையையே ரத்து செய்தது. தோரோ அந்த இரவு வரைகூடக் காத்திராமல் கடலில் இறங்கிப் போய்விட்டது! தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து கைப்பேசிகளில் எடுத்த படங்களில் அது பழுப்பு மூட்டையாகத்தான் தெரிகிறது. தலை நிமிரவில்லை. பரிசு கொடுக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தால் அவற்றில் ஒன்றுக்குத்தான் கொடுப்பேன்.