எல்லாத் தப்புக்கும் ஒரே மைனஸ் 1

நாங்கள் பயன்படுத்துகிற ஒரு லைப்ரரிக்கு, அதாவது மற்ற புரோகிராம்கள் எடுத்து ஆளும் பொதுக் கோடுக்கு, ஒரு புல் ரிக்வெஸ்ட் (இப்படி மாற்றுங்கள் என்று அனுப்பும் திருத்தம்) வந்தது. என்ன தப்பு என்று சொல்ல ஒழுங்காகப் பிரித்து வைத்திருந்த எண்களை, எரர் கோடுகளை, வழித்து எறிந்துவிட்டு எல்லாவற்றுக்கும் ஒரே மைனஸ் 1, கூடவே "ஏதோ தவறு நடந்துவிட்டது" என்று ஒரு வரி. அதற்குக் கைதட்டல் வேறு. அந்த த்ரெட்டில் நான் கேட்ட கேள்விக்கு மட்டும் சிரிப்பு எமோஜி.

கேள்வி இதுதான்: லைப்ரரியைப் பயன்படுத்துகிறவர் அடுத்து என்ன செய்ய வேண்டும்? மறுபடி முயற்சி செய்வதா, அனுப்பியதைத் திருத்துவதா, கையை விரிப்பதா? எரர் கோட் இருப்பதே இதைச் சொல்லத்தான். ரேஷன் கடையில் "கிடையாது" என்று மட்டும் சொன்னால் சரக்கு தீர்ந்ததா, மெஷின் வேலை செய்யவில்லையா, கைரேகை பதியவில்லையா என்று நின்று கேட்க மாட்டோமா?

எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் லைப்ரரியைப் பாருங்கள். 5 வந்தால் பிஸி, வேறு யாரோ டேட்டாபேஸைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், கொஞ்சம் பொறுத்துக் கேள். 21 வந்தால் நீ கூப்பிடுகிற விதமே தப்பு, விடிய விடியக் கேட்டாலும் அதே பதில்தான். பிறகு நுணுக்கமாகச் சொல்லத் தேவை வந்தபோதும் பழைய எண்களில் கை வைக்கவில்லை. எண்ணின் கீழ் 8 பிட்டில் (256 மதிப்புகளுக்கு இடம்) பழைய கோட், அதற்கு மேல் கூடுதல் விவரம். 517 வந்தால் 256ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி அதே 5. ஆனால் இந்த பிஸிக்குச் சும்மா காத்திருந்து பயனில்லை, ஒரே தொகுப்பாகச் செய்துகொண்டிருந்த வேலையை, அதாவது டிரான்ஸாக்‌ஷனை விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். இது வேலை தெரிந்தவர்கள் செய்த வேலை.

நெட்டில் தகவல் அனுப்பவும் எடுக்கவும் உதவும் கர்லில் 6 என்றால் ஹோஸ்ட், அதாவது சர்வர், பெயரே பிடிபடவில்லை, 7 என்றால் கனெக்‌ஷன் கிடைக்கவில்லை. நடுராத்திரியில் யாரை எழுப்புவது என்பது அந்த ஒரு எண்ணில் இருக்கிறது.

முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு பேமென்ட் லைப்ரரி. கார்டை வங்கி மறுத்தாலும் மைனஸ் 1, பணம் எடுக்கப்பட்டு பதில் மட்டும் வராமல் டைம்அவுட் ஆனாலும் மைனஸ் 1. எங்கள் புரோகிராம் பாவம், தோல்வி என்று நினைத்து இன்னொரு தடவை அனுப்பும். பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டிய ஒருவருக்கு இரண்டு முறை பணம் போய், அவர் போனில் கத்திய கத்தலைக் கஸ்டமர் கேரில் இருந்த பெண் காதைப் பொத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். நடந்ததைப் பதிந்து வைக்கும் லாகைத் திறந்தால் மேலிருந்து கீழ்வரை மைனஸ் 1. சிம்பிளாம்!

த்ரெட்டில் எனக்கு வந்த பதில்கள்: "மெசேஜைப் படித்தால் தெரியாதா?" மெசேஜ் மனிதர்களுக்கு. அதன் வார்த்தைகளை நம்பி புரோகிராமில் இஃப் கண்டிஷன் போட்டால் அடுத்த வெர்ஷனில் யாரோ எழுத்துப்பிழையைத் திருத்துவார், உங்கள் புரோகிராம் படுத்துவிடும். "எக்ஸெப்ஷன் இருக்கே?" தப்பு நடந்தால் புரோகிராம் எழுப்பும் அலாரம் அது; வகை பிரிக்காத எக்ஸெப்ஷனும் மைனஸ் 1தான், போங்கள். "நூறு கோடை யார் ஞாபகம் வைப்பது?" இது நியாயம். ஆனால் நான் எப்போது நூறு கேட்டேன்? போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் எரர் கோட் ஐந்து எழுத்து, முதல் இரண்டு வகையைச் சொல்லும். 23 என்று ஆரம்பித்தால் உங்கள் டேட்டா ஏதோ விதியை மீறுகிறது, 23505 என்றால் ஏற்கெனவே இருக்கிற ஒன்றையே திரும்பப் போடுகிறீர்கள். மனப்பாடமா செய்யச் சொன்னார்கள்?

அப்புறம், "அங்கிள் இன்னும் பழைய சி மொழிக் காலத்திலேயே இருக்கிறார்" என்று ஒரு கமென்ட். சரி தம்பி, இருந்துவிட்டுப் போகிறேன். சிஸ்டம் விழுந்தால் ராத்திரியில் எழுந்து ஓடும் பேஜர் டியூட்டி பார்க்காதவர்கள்தான் இங்கே அதிகம் சிரிக்கிறார்கள் என்பதையும் கவனித்தேன். டாக்குமென்டேஷன் எழுதித் தரச் சொல்லும்போது மட்டும் "சார்", கேள்வி கேட்டால் "அங்கிள்". எங்கள் பக்கம் அந்த லைப்ரரியின் பழைய வெர்ஷனையே பூட்டி வைத்தாயிற்று. இனி அந்த த்ரெட்டில் என்னை டேக் பண்ணாதீர்கள்.