அந்த முதல் ஒரு நாள்

"கஞ்சா அடிச்சா மனசுல இருக்கிற பயம் போயிரும், இஸ்ரேல்ல நிரூபிச்சுட்டாங்க" என்று நண்பர் ஒருவர் எனக்கு அனுப்பியிருந்தார். நிரூபித்தது அது அல்ல.

ஹைஃபா பல்கலைக்கழகத்தில் இரிட் அகிராவ் குழுவினர் 2011இல் வெளியிட்ட எலி ஆய்வு அது. எலிகளைக் கடுமையான அதிர்ச்சிக்கு உள்ளாக்கிவிட்டு, சிலவற்றுக்கு 2 மணி நேரத்தில், சிலவற்றுக்கு 24 மணி நேரத்தில், இன்னும் சிலவற்றுக்கு 48 மணி நேரம் கழித்து ஊசி போட்டார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால், முதல் இரண்டு கூட்டத்துக்கும் சத்தம் கேட்டுத் தூக்கிவாரிப்போடும் அந்த மிகைப் பதற்றம் இல்லை. 48 மணி நேரம் ஆனவை மருந்தே போடாத எலிகளைப் போலத்தான் இருந்தன. ஊசியில் இருந்ததும் கஞ்சா இல்லை, செயற்கையாகத் தயாரித்த கன்னபினாய்டு, அதாவது கஞ்சாவில் இருப்பதைப் போல மூளையில் வேலை செய்யும் வேதிப்பொருள்.

நம் மூளையே இந்த வகைப் பொருளைச் சுரக்கிறது. 1992இல் கண்டுபிடித்தபோது ஆனந்தம் என்ற சொல்லை வைத்தே அதற்கு அனந்தமைடு என்று பெயரிட்டார்கள். மூளை செல்களில் அது போய் ஒட்டும் இடமான சிபி1 ஏற்பி இல்லாத சுண்டெலிகளுக்கு, ஆபத்து நீங்கிய பிறகும் பயம் எளிதில் தணிவதில்லை என்று 2002இலேயே காட்டிவிட்டார்கள். நடந்ததை மறக்கடிப்பது இதன் வேலை இல்லை, பயத்தை அடங்க விடுவதுதான்.

என்னை உலுக்குவது அந்த நேரக் கணக்குதான். என் தம்பிக்கு பைக் விபத்து நடந்தபோது கையில் பிளேட் வைத்தார்கள், தையல் போட்டார்கள், தூக்கம் வரவில்லை என்றதும் தூக்க மாத்திரை கொடுத்தார்கள், மனசு எப்படி இருக்கிறது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. ஐந்து மாதம் ஆகியும் லாரி ஹாரன் கேட்டால் வண்டியை ஓரங்கட்டி நின்றுவிடுவான். இப்படிப்பட்ட அதிர்ச்சிக்கு முதல் மாதத்தில் பென்சோடயசிபைன் வகைத் தூக்க மாத்திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013இலேயே சொல்லியிருப்பதை அப்புறம்தான் படித்தேன்.

சரி, இப்படி அதிர்ச்சிக்குப் பிறகு மாதக்கணக்கில் விடாத பயத்துக்கு, பி.டி.எஸ்.டி. என்கிற அந்த நாள்பட்ட மனநோய்க்கு, கஞ்சா புகைக்கலாமா? அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினரை வைத்துச் செய்த சோதனையின் முடிவு 2021இல் வந்தது, வெற்று மருந்தைவிட அது மேலாக எதையும் செய்யவில்லை. அளவு கூடினால் பதற்றத்தைக் கிளப்பவும் செய்யும். தயவுசெய்து யாரும் இதைப் படித்துவிட்டுப் புகைக்கக் கிளம்பாதீர்கள்.

எனக்கு வேண்டியது வேறு. விபத்துப் பிரிவுக்கு வருகிற மனிதர்களிடம், அவர்கள் சம்மதத்தோடு, அளந்த மருந்தாக, முதல் நாளிலேயே இந்தக் கன்னபினாய்டைச் சோதித்துப் பார்க்க வேண்டும். இங்கேயும் செய்யலாம், 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டமே மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் அனுமதி பெற்றுப் பயன்படுத்த வழி விட்டிருக்கிறது. எலிக்குக் கிடைத்த அந்த ஒரு நாள் என் தம்பிக்கும் இருந்ததா என்று சொல்ல, யாராவது தேடிப் பார்த்திருக்க வேண்டும்.