பதில் வரலைன்னா விசுவாசம் இல்லைன்னு அர்த்தமா?
பிரதர், "ஜெபத்துக்கு பதில் வரலைன்னா விசுவாசம் குறைவு, இல்ல மறைச்ச பாவம் இருக்கு"ன்னு சொல்றீங்களே, அது தப்புங்க. பைபிள்ல எல்லாத்தையும் இழந்து தவிச்ச யோபுகிட்ட அவரோட ஃப்ரெண்ட்ஸும் இப்படித்தான், நீ ஏதோ பாவம் பண்ணிருக்கன்னு சொன்னாங்க, கடைசில யோபு புத்தகம் 42ம் அதிகாரத்துல கர்த்தர் கோபப்பட்டது அவங்க மேலதான், யோபு மேல இல்ல. அந்த யோபுக்கே 38ம் அதிகாரம் வரைக்கும் கர்த்தர் வாய் திறக்கல, திறந்தப்பவும் ஏன் இப்படி ஆச்சுன்னு காரணம் சொல்லவே இல்ல, கேள்விதான் கேட்டாரு. அப்போஸ்தலன் பவுல், தன் உடம்புல இருந்த 'முள்ளை' (அவரை வாட்டின ஒரு கஷ்டத்தை அப்படிச் சொல்றாரு) எடுக்கச் சொல்லி கர்த்தர்கிட்ட மூணு தடவை கேட்டாரு, எடுக்கல, என் கிருபை உனக்குப் போதும்னுதான் பதில் (2 கொரிந்தியர் 12). பவுலுக்கு விசுவாசம் பத்தலையா என்ன? 88ம் சங்கீதம் வேற கடைசி வரைக்கும் இருட்டுலயே முடியுது, ஆனா அதுவும் ஜெபம்தான். ஏற்கனவே அழுதுட்டு இருக்கறவங்ககிட்ட போய் இதைச் சொல்லாதீங்க, ப்ளீஸ்.