மூன்றாவது பாய் வேண்டாம்

இருவர் ஓட்டும் என்டர்பிரைஸ் என்ற சிறிய பந்தயப் பாய்ப்படகுக்கு, முன்னால் பலூன்போல் விரியும் ஸ்பின்னேக்கர் பாயும் சேர்க்கப்பட வேண்டும் என்று ஒரு கட்டுரையாளர் வைத்த வாதத்தை முல்லைத்தீவிலிருந்து வாசித்தேன். என்னால் அதனுடன் உடன்பட முடியவில்லை. ஜாக் ஹோல்ட் 1956 இல் வடிவமைத்த அந்தப் படகு பெரிய பாய், முன்பாய் ஆகிய இரண்டுடன் மட்டும் ஓடுவதால்தான் புதிதாகப் பழகுபவரும் கைதேர்ந்தவரும் ஒரே போட்டியில் இறங்க முடிகிறது. ஸ்பின்னேக்கரோ காற்று பின்னாலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வீசும்போது மட்டுமே உதவும். அதை உயர்த்த ஒரு கயிறு, இரு முனைகளையும் அடக்க இரண்டு கயிறுகள், விரித்து நிறுத்த ஒரு கம்பு என வேலையும் செலவும் கூடுவதோடு, பழைய படகு வைத்திருப்பவர் அவற்றை வாங்கிப் பொருத்தும்வரை கரையிலேயே நிற்க வேண்டியும் வரும்.

எங்கள் கரையில் சோழகம் எனும் தென்மேற்குக் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால், அந்தப் பாயை விரித்தவர் வெகுவேகமாக வெளிக்கடலுக்குப் போய்விடுவார். திரும்பி வருவதோ எதிர்க்காற்றில். நந்திக்கடலுக்குள் ஓடினால் வேறு தொல்லை: ஆழம் குறைந்த களப்பில் படகு கவிழ்ந்தால் பாய்மர நுனி சேற்றில் குத்தி நிற்கும்.

மென்காற்றில் பின்காற்று ஓட்டம் சலிப்பூட்டும் என்று கட்டுரையாளர் சொல்வது உண்மைதான். ஆனால் அந்தப் பாயை விரும்புவோருக்கு அதைக் கொண்ட 420, மிரர் போன்ற படகு வகைகள் ஏற்கெனவே இருக்கின்றன.