பிராம்ஸின் நகல் என்று ஒதுக்கப்பட்ட சாட்விக்

அமெரிக்க ஆர்க்கெஸ்ட்ரா இசை என்றால் கெர்ஷ்வின், கோப்லாண்ட், பெர்ன்ஸ்டைன் என்று மூன்று பெயர் சொல்லி முடித்துவிடுகிறோம். 1920-க்கு முன்னால் அந்த நாட்டில் எவரும் பேனாவையே தொடவில்லை என்பது போல.

இந்த நினைப்புக்கு வலு சேர்த்தவர்களில் பெர்ன்ஸ்டைனும் ஒருவர். 1958 பிப்ரவரியில், டிவியில் ஒளிபரப்பான இளையோர் கச்சேரியில், அந்தக் காலத்தை அமெரிக்க இசையின் கிண்டர்கார்டன் என்றார். உதாரணத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது பாஸ்டன் இசையமைப்பாளர் ஜார்ஜ் சாட்விக்கின் ‘மெல்பொமினி’ ஓவர்ச்சர், அதாவது தனித்து நிற்கும் முகப்பு இசை. நல்ல தேர்ச்சி, உணர்ந்து எழுதிய இசைதான், ஆனால் ஜெர்மன்காரர்களான பிராம்ஸ், வாக்னரிடமிருந்து பிரித்தறிவது கஷ்டம் என்பது அவர் தீர்ப்பு.

பெர்ன்ஸ்டைன் எனக்கு ரொம்பப் பிடித்தவர். இருந்தாலும் இது அநியாயம். மெல்பொமினி சோக நாடகத்தின் கிரேக்க தேவதை. அவளுக்காக எழுதியதில் வாக்னர் வாடை அடிக்காமல் வேறு என்ன அடிக்கும்? அதே சாட்விக்கின் ‘சிம்பொனிக் ஸ்கெட்சஸ்’ அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1956-ல், மெர்க்குரி நிறுவனத்துக்காகப் பதிவாகியிருந்தது. ஹோவர்ட் ஹான்சன் நடத்த, ஈஸ்ட்மன்-ரோசெஸ்டர் ஆர்க்கெஸ்ட்ரா வாசித்தது.

அதன் கடைசிப் பகுதி ‘வேக்ரம் பாலட்’. ரயில் பாதையோரம் திரியும் நாடோடிகளைப் பற்றியது. பாஸ் கிளாரினெட் தனியாகப் புலம்பித் தொடங்கும். கொஞ்ச நேரம் தள்ளாட்டமும் கேலியுமாகப் போகும். நடுவில் சைலஃபோன் திடீரென்று பழைய ஜெர்மன் மேதை பாக்கின் ஜி மைனர் ஃபியூகை (ஒரே மெட்டைக் குரல்கள் துரத்திப் பாடும் வடிவம்) எடுத்து நையாண்டி செய்யும்! இதில் பிராம்ஸ் எங்கே இருக்கிறார், சொல்லுங்கள். முதல் பகுதி ‘ஜூபிலி’யில் ஹபனேரா என்ற கியூபா நடனத் தாளம் வேறு எட்டிப் பார்க்கிறது. மெர்க்குரிக்காரர்கள் ஒன்றோ மூன்றோ மைக்கை மட்டும் தொங்கவிட்டுப் பதிவு செய்தவர்கள். பொத்தானைத் திருகிச் சத்தத்தைச் சமன்படுத்தும் வேலை இல்லை. அதனால் பித்தளை வாத்தியங்கள் வெடிக்கும்போது நிஜமாகவே வெடிக்கின்றன.

இன்னொன்று. செக் இசையமைப்பாளர் ட்வோர்ஷாக் வந்துதான் அமெரிக்கர்களுக்கு அமெரிக்க இசை எழுதச் சொல்லிக்கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. அவர் நியூயார்க் வந்து இறங்கியது 1892-ல். சாட்விக்கின் இரண்டாம் சிம்பொனியின் ஸ்கெர்ட்ஸோவை (துள்ளலான பகுதி) பாஸ்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா 1884-லேயே வாசித்துவிட்டது. ஐந்து சுர மெட்டு, குறும்பான நடை. கூட்டம் மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறது.

அப்புறம் ஏன் மறந்தார்கள்? பதிவுத் தொழிலுக்கும் இதில் பங்கு உண்டு என்பேன். 1917-ல் பாஸ்டன் சிம்பொனி முதன்முதலாகப் பதிவு செய்ய நியூஜெர்சியின் கேம்டனுக்குப் போனபோது எடுத்துப்போனது சைகாவ்ஸ்கி, வாக்னர் போன்ற ஐரோப்பியர்களைத்தான். சாட்விக் உயிரோடு, அதே பாஸ்டனில், நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரியின் தலைவராக இருந்த காலம் அது. தட்டில் ஏறாத இசை அடுத்த தலைமுறையின் காதுக்குப் போகவில்லை. போகாததால், வாசிக்கத் தகுந்ததல்ல என்ற பேச்சு நிலைத்துவிட்டது.

அந்தப் பேச்சை உடைக்க முயன்றவர்களில் கார்ல் குருகரைச் சொல்லியாக வேண்டும். டெட்ராய்ட் சிம்பொனியை நடத்தியவர். பெர்ன்ஸ்டைன் கிண்டர்கார்டன் என்று சொன்ன அதே 1958-ல் அமெரிக்க இசை மரபைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார். சங்கத்தின் இசைத்தட்டுகள் நூலகங்களுக்குப் போயின. கூத்து என்னவென்றால், வாசித்தவர்களில் பெரும்பங்கு லண்டனின் ராயல் ஃபில்ஹார்மோனிக்! சில தட்டுகளில் ஒத்திகை போதவில்லை என்பது கேட்டாலே தெரிகிறது. போகட்டும். ஏமி பீச்சின் ‘கேலிக் (Gaelic) சிம்பொனி’ 1896-ல் பாஸ்டனில் அரங்கேறியது. ஓர் அமெரிக்கப் பெண் எழுதி வெளியான முதல் சிம்பொனி. அதற்கு ஒரு தட்டு கிடைத்ததே இந்த மனிதரால்தான். இரண்டாம் பகுதியில் ஓபோ தாலாட்டுப் போலப் பாடிக்கொண்டிருக்க, வயலின்கள் சடாரென்று ஓட ஆரம்பிக்கும். அந்த இடம் அலுக்கவே மாட்டேன் என்கிறது.

எல்லாமே பொக்கிஷம் என்று சாதிக்கவும் மாட்டேன். அதே காலத்து அமெரிக்கர் ஜான் நோல்ஸ் பெயினின் முதல் சிம்பொனி, சி மைனரில் எழுதியது, பீத்தோவனின் நிழலை விட்டு வெளியே வரவே இல்லை. பெர்ன்ஸ்டைன் அதைக் காட்டிப் பேசியிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன்.

பழைய பதிவின் ஒலி ஒத்துவராதவர்கள், 1990-களில் நடத்துனர் நீமே ஜார்வி டெட்ராய்ட் சிம்பொனியோடு பதிவு செய்த சாட்விக்கையும் பீச்சையும் கேட்கலாம். ஒலி அருமை. ஆனால் ‘வேக்ரம் பாலட்’ மட்டும் ஹான்சனிடமே கேளுங்கள்.